கலப்பத்தும் சலங்கும்

'கலப்பத்து' என்று ஒரு சொல் பழைய தமிழ் அகராதிகளில் இருக்கிறது. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சோ நாரோ திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசி, தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் வேலை. கேட்டால் சுத்தத் தமிழ் மாதிரியே இருக்கும் (கலம் + பற்று என்று பிரிக்கக்கூட ஆசை வரும்!). ஆனால் போர்த்துகீசியத்தில் ஒழுக்கு அடைப்பவர் 'கலாஃபாத்தே', துருக்கியில் அந்த வேலை 'கலாஃபாத்'. மூலம் அரபி என்பது பலர் கருத்து.

அப்படியென்றால் அதற்கு முன்னால் நம்மவர்களுக்கு ஒழுக்கு அடைக்கத் தெரியாதா? சலங்கைப் பாருங்கள்.

தருமபுரத்தை ஒட்டிய இந்தக் காரைக்கால் கரை 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சோழமண்டலக் கரை நெடுக நிலைமை ஒன்றுதான்: பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரமிடும், அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்ப்பது சிறு படகு. அந்தப் படகைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலாங்க்' என்று எழுதினார்கள், நம்ம சலங்குதான். சென்னையில் ஆங்கிலேயருக்கு அது மசூலா. ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் வைக்கோலோ நாரோ வைத்து இறுக்குவார்கள். நனைந்ததும் அது உப்பி இடுக்கை அடைக்கும். அப்படியும் ஒழுகும், உள்ளே ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை மட்டமான வேலை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு மூட்டு விட்டுப்போகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கொஞ்சம் ஒழுக்கு அதற்குக் கொடுத்த விலை. எங்கள் ஆபீஸ் பாஷையில், பக் இல்லை, ஃபீச்சர்.

ஆணி அடித்த தோணியில் ஒழுக்கு பிடிப்பது வேறு கதை. வெளியே ஓர் ஓட்டையில் புகுந்த நீர் உள்ளே சட்டம் வழியாக ஓடி, எங்கோ தள்ளித் தலைகாட்டும். ஈரம் தெரியும் இடத்தை அடைத்தால் பிரயோஜனமில்லை. (டீபக் செய்பவர்களுக்கு இது புரியும்.) அதனால் படகைக் கரையேற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்து அடையாளம் போடுவது ஒரு வழி. பிறகு பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும், ஆனால் அளவோடு. காய்ந்த மரம் தண்ணீரில் ஊறி உப்பும். அதிகம் திணித்திருந்தால் பலகையே நெம்பிக்கொள்ளும். கடலில் இறக்கிய முதல் ஓரிரு நாள் கொஞ்சம் ஒழுகினால் பதற வேண்டியதில்லை, மரம் ஊறினால் தானே அடைபடும். துருப்பிடித்த ஆணியின் ஓட்டைதான் அப்படி அடைபடாது.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. அதில் ஓட்டை விழுந்தால் கண்ணாடி இழைப் பாயை வைத்து ரெசின் தடவுகிறார்கள். அந்த வேலையை யாரும் கலப்பத்து என்று சொல்லி நான் கேட்டதில்லை.