கண்ணாடி விரியனும் கண்ணாடிக் குழாயும்

நம் கொங்கு நாட்டில் கரும்புத் தோட்டத்திலும் மஞ்சட்காட்டிலும் உழைப்போர் பெரிதும் அஞ்சுவது கண்ணாடி விரியனுக்கே. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூல் வல்லுநராய்ச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். பின்னர் அவர் பெயரே ஆங்கிலத்தில் அப்பாம்பின் பெயராயிற்று.

அதன் நஞ்சு இரத்தத்தை உறையத் தூண்டுவது. கடிபட்டவர் உடலில் உறைதல் ஓயாது நடந்து, அதற்குரிய பொருள்கள் யாவும் தீர்ந்துபோகும்; விதைநெல்லையும் உண்டு தீர்த்த குடும்பத்தின் நிலைதான். அதன்பின் இரத்தம் உறையாது. ஆதலின் மருத்துவர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்துப் பார்க்கின்றனர். குழாய் உலர்ந்து, சோப்புப் படாததாய் இருத்தல் வேண்டும். இன்றேல் நஞ்சேறாதவர் இரத்தமும் உறையாது நின்று ஏமாற்றும். குழாய் கழுவுதலை அற்ப வேலையென எண்ணிய மாணவரை நான் கடிந்ததுண்டு.

இதே நஞ்சைக்கொண்டு 1934-இல் இலண்டனில் மாக்ஃபர்லேனும் பார்னெட்டும் ஹீமோபிலியா நோயாளியின் இரத்தப்போக்கை நிறுத்தினர். 1986-இல் பெருமாள் தியாகராஜன் முதலிய மூவர், நீர்த்த நஞ்சினால் ‘லூபஸ் உறைவெதிரி’யைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும் அப்பொருள், உடலிலோ இரத்தக்கட்டியை உண்டாக்குவது.

இயற்கையான உறைவுத் தடுப்பு குறைந்தாலும் கட்டி தோன்றும். ஆண்டித்ராம்பின் குறைவு குடும்பவழி வருவதை 1965-இல் நார்வே நாட்டு எகபெர்க் எழுதினார். ஹெபாரின் ஊசி போடும் நாட்களில் அளந்தால் அப்பொருள் குறைந்தே காட்டும். மருந்தை நிறுத்தியபின் மீண்டும் அளந்தே மருத்துவர் முடிவு கூறுவர்.