லண்டனின் பழைய சாஷ் சன்னல்கள்

சாஷ் சன்னல், கீலில் திறக்காமல் மேலும் கீழும் நகரும் சன்னல். முன்னும் பின்னுமாக நிற்கும் அதன் இரு சட்டகங்களும் கயிற்றாலும் கப்பியாலும் எடைகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஈயத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆன அந்த எடைகள் பக்கப் பெட்டிக்குள் மறைந்து தொங்குவதால், கனத்த சட்டகமும் விட்ட இடத்தில் நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவிய இவ்வகை, அடுத்த நூற்றாண்டில் லண்டன் தெருக்களின் முகமாகவே ஆனது. அதன் அழகைக் கட்டடக் கலைஞர்களின் ரசனைக்கு உரியதாகச் சொல்வது வழக்கம். தீயைப் பற்றிய அச்சத்துக்கும் கண்ணாடித் தொழிலின் இயலாமைக்கும் அதில் கூடுதல் பங்கு உண்டு.

1666இல் லண்டனை எரித்த பெருந்தீக்குப் பிறகு, வீட்டின் முகப்பிலுள்ள மரம் அரசின் கண்ணை உறுத்தியது. சன்னல் நிலை சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கவேண்டும் என்றது 1709ஆம் ஆண்டுச் சட்டம். எடைப்பெட்டியையும் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது 1774ஆம் ஆண்டுச் சட்டம். விளைவைக் கண்ணால் ஒப்பிடலாம். குவீன் ஆன்ஸ் கேட் தெருவின் முற்பட்ட வீடுகளில் அகலமான மரநிலை சுவரோடு சுவராக நிற்கிறது. 1775இல் கட்டத் தொடங்கிய பெட்ஃபோர்டு சதுக்கத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு மட்டும் நிழலுக்குள் தெரிகிறது. நெருப்பு தாவாமலிருக்க விதித்த இடைவெளி, முகப்புக்கு ஆழத்தைக் கொடுத்துவிட்டது.

இந்தச் சட்டங்கள் லண்டனுக்கு மட்டும் உரியவை, பாத் நகரிலும் டப்ளினிலும் இதே சன்னல்கள் எப்படி வந்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தலைநகரில் விதியாக இருந்தது வெளியூரில் நாகரிகமாகப் பின்பற்றப்பட்டது. அங்கே ரசனையின் பங்கை மறுக்கமுடியாது. முதல் மாடியில் உயர்ந்தும் உச்சி மாடியில் குட்டையாகவும் சன்னல் வைக்கும் அளவு முறையும் ரசனையின் கொடைதான். ஆனால் சிறு சில்லுகளாகப் பிரிந்த தோற்றத்துக்குக் காரணம் வேறு. உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றி, வட்டத்தட்டாக விரித்து, அதிலிருந்து சில்லுகளை வெட்டினார்கள். நடுவே குமிழ் இருந்ததால் பெரிய சில்லு எடுப்பது கடினம். ஆகவே மேலே ஆறு, கீழே ஆறு என்ற அடுக்கு. வானத்தைச் சற்றே நெளித்துக் காட்டும் பிரதிபலிப்பும் அந்தச் சுழற்சியில் பிறந்ததுதான். கண்ணாடி காலப்போக்கில் வழிந்து நெளிகிறது என்பது கட்டுக்கதை. 1830களில் உருளை முறையில் பெரிய தகடுகள் வந்தன. 1845இல் கண்ணாடி வரியும் நீங்கியது. சில்லுகளைப் பிரித்த நடுச்சட்டங்கள் குறைந்தன. கண்ணாடியின் கனம் ஏறவே, மூட்டுகளைத் தாங்கச் சட்டகத்தில் சிறு கொம்புகள் முளைத்தன.

பழைய சன்னல் என்றதும், 1696 முதல் 1851 வரை நீடித்த சன்னல் வரியைத்தான் பலரும் முதலில் நினைவுகூர்வார்கள். வரிக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தவர்கள் உண்டு. இருட்டறையில் வாடிய ஏழைகளுக்கு அது கொடுமை. ஆனாலும், செங்கல்லால் மூடிய சன்னல்கள் எல்லாமே வரியின் வடு அல்ல. பின்னால் புகைபோக்கி இருந்த இடத்தில், முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே பொய்ச் சன்னல் வைத்ததும் உண்டு.

குளிர்காலத்தில் வெப்பத்தை வெளியே விடுகின்றன என்பது சாஷ் சன்னல்களின் மீதான இன்றைய குற்றச்சாட்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் மாற்றித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தின் மரபுப் பாதுகாப்பு அமைப்புக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையில், சன்னலின் உட்புறமுள்ள பழைய மரக்கதவுகளை மூடியதாலேயே கண்ணாடி வழியான வெப்ப இழப்பு 51 சதவீதம் குறைந்தது. உள்ளே இரண்டாம் கண்ணாடி பொருத்தியபோது 63 சதவீதம். பழுதான பகுதியை மட்டும் வெட்டிப் புது மரம் இணைக்க இவற்றில் வழி உண்டு. இரட்டைக் கண்ணாடிச் சன்னலில் அடைப்பு விட்டு உள்ளே ஈரம் கோத்தால், அந்தக் கண்ணாடி அலகையே மாற்றவேண்டும்.