யாருடைய பள்ளிக்கூட ஞாபகம்?

பள்ளிக்கூடப் பருவத்தை நினைத்து ஏங்குகிற படங்களுக்குத் தமிழில் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதியவர்கள் பாட்டைப் பற்றி எழுதினார்கள், ஒளிப்பதிவைப் பற்றி எழுதினார்கள், வசூலைப் பற்றியும் எழுதினார்கள். அந்த வகுப்பறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள் என்கிற கணக்குதான் மிச்சம் கிடக்கிறது. கடலூர் – சிதம்பரம் சாலையில், குடிகாட்டில் இருந்துகொண்டு அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். ஏனென்றால் அந்த வரலாற்றின் முக்கியமான படமொன்று இந்த மாவட்டத்து மண்ணிலிருந்து கிளம்பியது. அந்தப் படங்களால் சொல்ல முடியாத ஒன்றும் இந்த மாவட்டத்தில்தான் நடந்தது.

கடந்ததை நினைத்து ஏங்குவதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று வெள்ளைக்காரன் சொல்வது முதலில் ஒரு வியாதியின் பெயர். 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர், சொந்த ஊரை விட்டு வந்தவர்களைப் பிடிக்கும் வாட்டத்துக்கு, 'திரும்பிப் போதல்', 'வலி' என்கிற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார். அன்றைக்கு அது ஊரைப் பிரிந்த நோவு. பின்னால் காலத்தைப் பிரிந்த நோவாக மாறியது. சினிமா அதைச் சரக்காக்கிற்று. 1973இல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1962ஆம் வருசத்து ஒரு ராத்திரிக்குத் திரும்பிப் போனது. கார், ரேடியோ, காதல். அதே 1962இல்தான் ஜேம்ஸ் மெரிடித் என்கிற கறுப்பின இளைஞர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைக்க ராணுவம் வரவேண்டியிருந்தது. ஒரே வருசம்தான், ஆனால் ஒருத்தருக்கு அது இனிக்கிறது, இன்னொருத்தருக்கு வடு. 1975இல் வந்த 'கூலி ஹை' சிகாகோவின் கறுப்பினப் பிள்ளைகளை வைத்து 1964ஐ நினைத்துப் பார்த்தது. அதிலும் சிரிப்பு, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் ஒரு தோழனின் சாவைத் தாண்டாமல் அந்த ஞாபகத்தால் முடிய முடியவில்லை.

தமிழுக்கு வருவோம். 1981இல் இரண்டு படங்கள் வந்தன. பாரதி – வாசுவின் 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டிப் பள்ளிக்கூடத்துக் கதை. பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' கடற்கரைக் கிராமத்துக் கதை. இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டாவது படத்தின் முடிவில் பூணூலும் சிலுவையும் கழற்றி வீசப்பட்டதைப் பெரிய புரட்சி என்றார்கள். கழற்றி வீச ஏதாவது கழுத்தில் கிடந்தால்தானே அந்தப் புரட்சி? பிறந்த தெருவே அடையாளமாகிப் போனவன் எதைக் கழற்றி வீசுவான்? பார்ப்பனப் பையனுக்கும் வசதியான கிறித்தவப் பெண்ணுக்கும் நடுவில் நடந்த அந்தக் கணக்கில் சேரி இல்லவே இல்லை.

இவை பருவத்தைக் காட்டிய படங்கள். பருவத்தைத் திரும்பிப் பார்த்து அழுகிற படங்கள் வரிசையாக வந்தது 2000க்குப் பிறகு. 2002 பொங்கலுக்கு வந்த 'அழகி'யை எடுத்த தங்கர் பச்சான், பண்ருட்டி பக்கத்துப் பத்திரக்கோட்டைக்காரர். தன்னுடைய 'கல்வெட்டு' சிறுகதையைத்தான் படமாக்கினார். பலாவும் முந்திரியும் விளைகிற இந்தச் செம்மண்ணைப் படத்தில் அப்படிப் பார்த்தது எங்களுக்குப் புதுசு. சண்முகம் படித்து மெட்ராசில் டாக்டராகிறான். அவன் கூடப் படித்த தனலட்சுமி வேறொருத்தனுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டு, கடைசியில் மகனோடு மெட்ராஸ் நடைபாதைக்கு வந்து சேர்கிறாள். அவன் வீட்டிலேயே வேலைக்காரியாகிறாள். வறுமை ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதை இவ்வளவு ஈரத்தோடு சொன்ன தமிழ்ப்படங்கள் குறைவு. ஆனாலும் ஞாபகம் யாருடையது என்று கேட்க வேண்டும். ஞாபகம் டாக்டருடையது. தனலட்சுமி நினைக்கப்படுகிறவள். அவள் எதை நினைத்தாள் என்பது அவள் கண்ணில் தெரிவதோடு சரி.

அதே முந்திரியை எங்கள் ஆயாக்களிடம் கேட்டால் வேறு கதை வரும். கொட்டை உடைக்கச்சொல்ல தோலிலிருந்து வழிகிற எண்ணெய் விரலை வேக வைக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் கை கருத்துத் தோல் உரியும். எட்டாங்கிளாசோடு நின்ற பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஞாபகம் அந்த விரலில்தான் இருக்கிறது.

2004இல் சேரனின் 'ஆட்டோகிராஃப்' வந்தது. சென்னையில் தொழில் நடத்துகிற செந்தில், தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ரயிலேறி, பள்ளிக்கூடக் காதலி, கல்லூரிக் காதலி என்று ஒவ்வொருத்தராகத் தேடிப் போய்க் கொடுக்கிறான். தியேட்டரில் சனங்கள் குலுங்கி அழுதார்கள். வீட்டுக்குப் போய்ப் பழைய ஆட்டோகிராஃப் நோட்டைத் தேடினார்கள்.

அழகிக்கும் ஆட்டோகிராஃபுக்கும் நடுவில் 2003 நிற்கிறது. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் பெண் கண்ணகியும் காதலித்தார்கள். முருகேசன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 2003 மே மாதம் கடலூரில் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அவரவர் வீட்டில் இருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது. ஜூலை 8ஆம் தேதி, காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று, இருவரையும் எரித்தார்கள். தீர்ப்பு வர 18 வருசம் ஆனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் போலீஸ்காரர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் வழக்கு முடிந்தது.

இதைச் சொல்வது அந்தப் படங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. பழைய காதலைத் தேடி ஊருக்குத் திரும்பிப் போகலாம், போனால் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள் என்கிற நம்பிக்கை இருக்கிறதே, அது எல்லாருக்கும் பொதுவானது இல்லை. பழைய காதலை நினைத்து அழுவதற்கு முதலில் அந்தக் காதலிலிருந்து உயிரோடு வெளியே வந்திருக்க வேண்டும். 2004 கடைசியில் வந்த பாலாஜி சக்திவேலின் 'காதல்' இதை ஓரளவு சொன்னது. மெக்கானிக் முருகன் அடிபட்டுப் புத்தி பேதலித்து ரோட்டில் திரிகிறான். அவனிடம் ஞாபகம்கூட மிஞ்சவில்லை.

அப்படியென்றால் இந்தப் படங்கள் நம்ம சனங்களையும் ஏன் இழுக்கின்றன? அழகிக்கு எங்கள் தெருவிலும் அழுதார்கள், '96' படத்துக்கும் அழுதார்கள். இதை வெறும் மயக்கம் என்று தள்ளிவிட முடியாது. ஊரும் சேரியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம் கிராமத்தில் வேறு எது? கோயில் இல்லை, குளம் இல்லை, சுடுகாடும் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதுவும் பதினைந்து பதினாறு வயசு வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவனவன் தெரு அவனவனை இழுத்துக்கொள்ளும். கூடப் படித்தவன் ரோட்டில் பார்த்தால் பேசுவான், வீட்டுக்கு வா என்று சொல்ல மாட்டான். ஆகவே நாம் அழுவது கைநழுவிப் போன ஒரு சமத்துவத்துக்காக. ஒரு பெண்ணின் முகம் அதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

அந்தச் சமத்துவமும் முழுசாக இருந்ததில்லை. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வரச்சொல்ல, "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்கடா" என்று வாத்தியார் சொல்வார். நான் எழுந்து நின்றிருக்கிறேன். அந்த நிமிசம் வரைக்கும் தோளில் கை போட்டிருந்தவன் கையை எடுத்துக்கொள்வான். தமிழ் சினிமாவின் வகுப்பறையில் மழை பெய்கிறது, புத்தகத்தில் மயிலிறகு இருக்கிறது. இந்த எழுந்து நிற்கிற காட்சியை மட்டும் காணோம்.

சிதம்பரத்தை ஒட்டி இருக்கிற நமக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பெரியபுராணம் நந்தனைத் திருநாளைப்போவார் என்கிறது. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று ஏங்கியவர். அந்த ஏக்கத்துக்கு நெருப்பைப் பதிலாகக் கொடுத்தார்கள். அதே நந்தன் பெயரில் சுவாமி சகஜானந்தா 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயில் வாசலில் ஏங்கி நின்ற பெயரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைத்தது சின்ன விசயமில்லை. சேரியின் ஏக்கம் நேற்றைப் பார்த்து நிற்பது இல்லை, நாளையைப் பார்த்து நிற்பது. பள்ளிக்கூடம் நம்ம சனங்களுக்கு மலரும் நினைவாக இருக்கவில்லை. விடுதலைக்கான வழியாக இருந்தது. அதனால்தான் அங்கே பட்ட அவமானமும் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

இந்த வித்தியாசத்தை 2018 துல்லியமாகக் காட்டிற்று. செப்டம்பர் 28இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. ஒரு வாரம் கழித்து அக்டோபர் 4இல் '96' வந்தது. ஒரே ஊர் தியேட்டர்களில் இரண்டும் ஓடின. ராமும் ஜானுவும் பழைய மாணவர் கூட்டத்தில் சந்தித்து, ஒரு ராத்திரி முழுக்கப் பேசிப் பிரிகிறார்கள். பரியனுக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைக்கிறது, கூடப் படிக்கிற பெண் கொடுத்தது. நம்பிப் போகிறான். அறைக்குள் அடைத்து அடித்து, அவன்மேல் மூத்திரம் பெய்கிறார்கள். செந்தில் கொண்டுபோன பத்திரிகையையும் பரியன் வாங்கிய பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு இளமையின் வரலாறு அந்த இரண்டு காகிதத்தில் இருக்கிறது.

அதற்காக நமக்கு இனிய ஞாபகமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். 2024இல் வந்த 'வாழை'யில் சிவனைந்தனுக்கு டீச்சர் மேல் பிரியம் உண்டு, ரஜினி – கமல் சண்டை உண்டு, சிரிப்பு உண்டு. ஆனால் லீவு நாளில் வாழைத்தார் சுமக்க வேண்டும், கழுத்து நோவ வேண்டும். அந்த ஞாபகத்தில் கூலிக் கணக்கு இருக்கிறது, சாவு இருக்கிறது. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யும் அப்படித்தான். கூடப் படிக்கிற பெண் பார்த்துக்கொண்டிருக்க, ஜப்யா பன்றி பிடிக்க வேண்டும். கடைசியில் அவன் எறிகிற கல் நம்மைப் பார்த்தே வருகிறது.

குடிகாட்டில் திரும்பிப் போகிற இடமும் பறிபோயிருக்கிறது. சிப்காட் ஆலைகள் வந்தபிறகு உப்பனாறு பழைய உப்பனாறு இல்லை. அங்கே வாழ்கிறவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று நீரி நிறுவனம் 2007 அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இந்த ஊர்ப் பிள்ளை முப்பது வருசம் கழித்து ஏங்கினால், எந்த வாடையை நினைத்து ஏங்குவான்?

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்தப் படங்களைப் பாருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். பிறகு உங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை எடுங்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து எழுதுங்கள்: யார் எந்தத் தெரு, யார் எந்த வகுப்போடு நின்றார்கள், நின்ற மறுநாள் என்ன வேலைக்குப் போனார்கள், என்ன கூலி. போட்டோ எடுத்த அன்றைக்கு வராதவர்கள் பெயரையும் எழுதுங்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பதிலிருந்துதான் நம்முடைய படம் தொடங்க வேண்டும்.