நாள்பட்ட முதுகு, கால், மூட்டு வலிக்கான ஊசிகள்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் தோன்றும் வலி, நாள்பட்ட வலி எனப்படும். மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் போதிய பலன் தராதபோது, வலி எழும் இடத்திலோ வலியைக் கடத்தும் நரம்பின் அருகிலோ மருந்து செலுத்துமாறு மருத்துவர் பரிந்துரைக்கலாம். இந்த ஊசிகள் வலியைக் குறைக்கும். அதற்குக் காரணமான தேய்மானத்தை நீக்குவதில்லை. வலி தணிந்திருக்கும் காலத்தைப் பயன்படுத்தி நடக்கவும், பயிற்சிகள் செய்யவும், தசைகளை வலுப்படுத்தவும் வேண்டும். அவ்வாறு செய்பவர்களே ஊசியின் முழுப் பலனையும் பெறுகின்றனர்.

எந்த வலிக்கு எந்தச் சிகிச்சை?

எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி: முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து கால்வரை பரவும். இது சயாட்டிகா எனப்படும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து, தண்டுவட உறைக்கு வெளியேயுள்ள இடைவெளியில் செலுத்தப்படுகிறது. காலுக்குப் பரவும் வலி சிலருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை குறையும். முதுகில் மட்டும் உள்ள வலிக்கு இதன் பயன் குறைவு.

ரேடியோ அதிர்வெண் சிகிச்சை: முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகளிலிருந்து வலி எழுவதாக ஐயம் இருந்தால், அம்மூட்டுகளின் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி முதலில் சோதனையாகப் போடப்படும். அதனால் சில மணி நேரம் வலி பெரிதும் குறைந்தால், பின்னொரு நாளில் அதே நரம்புகள் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தால் செயலிழக்கச் செய்யப்படும். பலன் பல மாதங்கள் நீடிக்கலாம். நரம்பு மீண்டும் வளர்வதால் வலி திரும்பக்கூடும்.

மூட்டு ஊசி: முழங்கால் தேய்மான வலிக்கு மூட்டினுள் செலுத்தப்படும் ஸ்டீராய்டு, சில வாரங்களுக்கு நிவாரணம் தரும். அடிக்கடி போட்டுக்கொண்டால் குருத்தெலும்பு பாதிக்கப்படலாம். ஆகவே ஒரே மூட்டில் குறைந்தது 3 மாத இடைவெளி விடுவது வழக்கம்.

ஊசிக்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

• வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்கிறீர்களா? இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.
• சர்க்கரை நோய் உள்ளதா? ஸ்டீராய்டு, இரத்தச் சர்க்கரையைச் சில நாட்கள் முதல் இரு வாரங்கள் வரை உயர்த்தக்கூடும். அக்காலத்தில் அடிக்கடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.
• காய்ச்சல், தோல் புண், சிறுநீர்த் தொற்று ஏதேனும் உள்ளதா? இருப்பின் ஊசி தள்ளிவைக்கப்படும்.
• கர்ப்பமாக உள்ளீர்களா? எந்த மருந்துக்கேனும் ஒவ்வாமை உண்டா?

ஊசி போடும் நாளில்

உங்களைக் குப்புறப் படுக்கவைத்து, தோலை மரத்துப்போகச் செய்தபின், எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தவாறே மருத்துவர் ஊசியைச் செலுத்துவார். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் இது முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். உடன் ஒருவரை அழைத்து வாருங்கள். அன்று வாகனம் ஓட்ட வேண்டாம். சில மணி நேரம் கால் மரத்துத் தளர்ந்திருக்கலாம். மாடிப்படியிலும் குளியலறையிலும் பராமரிப்பவர் கைகொடுத்துத் துணை நிற்க வேண்டும்.

ஊசிக்குப் பின்

மரத்துப்போன உணர்வு நீங்கியதும் பழைய வலி திரும்பும். ஓரிரு நாட்கள் சற்றுக் கூடவும் செய்யலாம். இதைக் கண்டு ஊசி பலனளிக்கவில்லை என முடிவு செய்ய வேண்டாம். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க 2 முதல் 7 நாட்கள் ஆகலாம். முகம் சிவத்தல், உறக்கமின்மை ஆகியவை தோன்றி ஓரிரு நாட்களில் மறையும். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது என்பதையும் சேர்த்து நாள்தோறும் குறித்து வாருங்கள். அடுத்த ஊசி தேவையா என்பதை இக்குறிப்பே காட்டும். முதல் ஊசி பலன் தராதபோது, வலியின் காரணம் சரியாகக் கண்டறியப்பட்டதா என மருத்துவரிடம் கேளுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சல், குளிர் நடுக்கம், ஊசி போட்ட இடத்தில் கூடிவரும் வலி அல்லது சீழ்
• எழுந்து அமர்ந்தால் கடுமையாகி, படுத்தால் குறையும் தலைவலி
• மரத்துப்போன உணர்வு நீங்கியபின் புதிதாகத் தோன்றும் கை, கால் தளர்ச்சி
• பார்வைக் குறைவு, பேச்சுக் குழறல்

எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசியால் மிக அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம் போன்றவை நேரலாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. ஆகவே, ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் பயனையும் ஆபத்தையும் கேட்டறிவது உங்கள் உரிமை.

முக்கிய எச்சரிக்கை: முதுகு வலியுடன் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் அல்லது சிறுநீர் அறியாமல் வெளியேறினாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, கால் விரைந்து பலமிழந்தாலோ ஊசிக்கான நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இது நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அவசர அறுவைச் சிகிச்சை தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகக்கூடும். அதே நாளில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.