நீஸ் நகரின் கடலோரப் பாதை

நேரலைக் கேமராவில் பிரான்ஸின் நீஸ் கடற்கரையை அடிக்கடி பார்ப்பேன். வெயில், கூழாங்கற்கள், நீல நாற்காலிகள். ஆனால் என் கண் போய் நிற்பது அந்த நீண்ட நடைபாதையில்தான்.

1820களின் தொடக்கத்தில் அங்கே கடும் குளிர் ஆரஞ்சு மரங்களைக் கருக்கிவிட்டது. தோட்டக் கூலிகள் தெருவில் கையேந்தினார்கள். குளிர்காலத்தைக் கழிக்க வந்திருந்த ஆங்கிலேயர்கள், லூயிஸ் வே என்ற பாதிரியாரின் முயற்சியில் பணம் திரட்டி, அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கடலோரம் பாதை போடவைத்தார்கள். அகலம் 2 மீட்டர்தான். அப்போது நீஸ் சார்டீனிய அரசின் ஊர். 1860இல்தான் பிரான்ஸுக்குக் கைமாறியது.

பாதை இன்றும் ஆங்கிலேயர் பெயரில் இருக்கிறது. மண் சுமந்தவர்கள் அந்தப் பெயரில் இல்லை. இது என்னை உறுத்துகிறது. 2021இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இனியாவது சுற்றுலாக் கையேடுகள் வெயிலோடு அந்தக் கூலிகளையும் சொல்ல வேண்டும்.