மார்பில் இட்ட குறி

மேலே ஒரு புள்ளி, அதன்கீழ் ஒரு படுக்கைக்கோடு, அதற்கும் கீழே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு சாய்கோடுகள். சீன மொழியின் 'வென்' என்னும் எழுத்து இவ்வளவுதான். எழுத்து, இலக்கியம், நாகரிகம், படைத்தொழிலுக்கு எதிர்நிலையான குடியியல் ஆட்சி என்று இந்த நான்கு கீற்றுகள் சுமக்கும் பொருள்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சீனர்கள் தம் மொழியைக் குறிக்க வழங்கும் 'சோங்வென்' என்ற சொல்லிலும், பண்பாட்டைக் குறிக்கும் 'வென்ஹுவா' என்ற சொல்லிலும் இருப்பது இதுவே.

இவையெல்லாம் எங்கிருந்து கிளைத்தன? கி.பி. 100 அளவில் 'ஷுவோவென் சியேட்சு' என்னும் எழுத்தகராதியை எழுதி முடித்த ஷூ ஷென், குறுக்கே வெட்டிச் செல்லும் கோடுகளின் உருவமே இது என்றார். பாவம், இன்று நமக்குக் கிடைக்கும் சான்றுகள் அவருக்கு இல்லை. ஆமையோட்டிலும் எலும்பிலும் பொறித்த ஷாங் காலத்து எழுத்துகளை வாங் யிரோங் என்ற அறிஞர் அடையாளம் கண்டது 1899இல். அவற்றிலும் பழைய வெண்கலக் கலங்களிலும் 'வென்' ஒரு மனித உருவாக நிற்கிறது. சிலவற்றில் அதன் மார்பில் ஒரு குறி. பச்சை குத்திய உடல் அது என்பது அறிஞர் பலரின் கருத்து. வேறு விளக்கங்களும் உண்டு. எனினும் நமக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. சொல்வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. பச்சை குத்துதலுக்குச் சீனத்தில் 'வென்ஷென்' என்று பெயர். வென் இட்ட உடல் என்பது பொருள். தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதியதைப் படித்திருக்கும் தமிழ் வாசகர்க்கு இதில் வியப்பு ஏதும் இராது.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. சடங்குத் தொப்பிகளை விற்கத் தெற்கே யுவே நாட்டுக்குப் போன வணிகன் ஒருவனின் கதை 'சுவாங்ட்சு' நூலில் வருகிறது. அந்நாட்டார் தலைமயிரைக் கத்தரித்து, உடலில் பச்சை குத்திக்கொள்பவர்கள். தொப்பிக்கு அங்கே வேலையில்லை. பச்சை குத்துவது அநாகரிகர் வழக்கம் என்று வடபுலத்துச் சீனர் கருதினர். அதைச் சொல்ல அவர்கள் கையாண்ட சொல்லோ, நாகரிகத்தின் பெயரான அதே வென்!

அழகு, அணி என்ற பொருளில் வென் மிகையானதா, இன்றியமையாததா என்ற வழக்கு கன்பூசியஸ் காலத்திலேயே எழுந்துவிட்டது. உள்ளியல்பு போதும், அணி எதற்கு என்று கேட்டவருக்கு, மயிர் நீக்கிய புலித்தோலுக்கும் நாய்த்தோலுக்கும் வேறுபாடு ஏது என்ற கருத்துப்பட அவருடைய மாணவர் ட்சுகோங் மறுமொழி கூறினார். கன்பூசியஸுக்கு எழுப்பிய கோயில்கள் பிற்காலத்தில் பல ஊர்களில் 'வென்மியாவ்', அதாவது வென்னின் கோயில், என்றே வழங்கலாயின. மிங், சிங் காலங்களில் எழுத்துப் பதிந்த தாளை மிதிப்பதும் குப்பையில் எறிவதும் பாவம். அத்தாள்களைப் பொறுக்கிச் சேர்த்து, அதற்கென்றே கட்டிய சிறு மண்டபங்களில் எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டு இந்தப் பக்திக்கு எதிராகத் திரும்பியது. 1917இல் ஹூ ஷி பழைய இலக்கிய நடையான 'வென்யான்' ஒழிந்து பேச்சுமொழி எழுத்தாக வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு சியென் சுவான்தோங், சீன எழுத்துகளையே கைவிடலாம் என்றார். இவர்களது சினத்தில் நியாயம் இருந்தது. பெருந்திரளான மக்களுக்கு எழுத்து எட்டாக் கனியாகவே இருந்தது.

1966இன் சினம் வேறு வகை. அதற்கும் 'வென்ஹுவா' புரட்சி என்றே பெயரிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 23 அன்று, பெய்ஜிங்கின் கன்பூசியஸ் கோயில் வளாகத்தில் செங்காவலர்கள் நாடக உடைகளைக் குவித்துத் தீயிட்டு, எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் சுற்றி மண்டியிடச் செய்து அடித்தனர். அவர்களுள் ஒருவர் 'ரிக்‌ஷாக்காரன்' நாவலின் ஆசிரியர் லாவ் ஷ. எலும்பெழுத்துகள் அடையாளம் காணப்பட்ட அதே 1899இல் பிறந்தவர். அன்று அவர் கழுத்தில் குற்றம் எழுதிய பலகையையும் மாட்டினார்கள். மறுநாள் வீட்டைவிட்டுச் சென்றவர் தாய்பிங் ஏரியில் பிணமாகக் கிடைத்தார்.

சாம்பலைக்கூடக் குடும்பத்தாருக்குத் தரவில்லை. 1978இல் அரசு அவரது பெயரை மீட்டு அஞ்சலி செலுத்தியபோது, சாம்பற்பேழையில் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் தூரிகையையும் வைத்தார்கள்.