தாள் பிரிக்கப்படாத போர்வை

தைக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன துணி ஏதேனும் ஒன்று பெட்டியின் அடியில் கிடவாத வீடு அரிது. அதைக் காணுந்தோறும், எடுத்து முடித்துவிடலாமே என்று நம் கை பரபரக்கிறது. ஆயினும், ஒரு தையல் வேலை முடிக்கப்படாமற் போனதனாலேயே ஒரு வரலாறு பிழைத்திருந்ததும் உண்டு.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்துத் துணிச் சேகரிப்பில், 1830களைச் சேர்ந்த ஒட்டுத்தையல் போர்வையொன்றின் மேற்பாகம் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் க்ரவுச் என்னும் வெள்ளையர் குலப் பெண்மணிக்கு உரியது அது. அங்கே மாணவியாயிருந்த ரேச்சல் மே அதைப் பிரித்துப் பார்த்தார். பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2018இல் அதைப்பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

அவரை ஈர்த்தது துணியைக் காட்டிலும் அதன் பின்புறமே. இவ்வகை வேலையில் முதலில் தாளை அளவாக நறுக்கி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டுவர். அவ்வாறு அமைந்த துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைப்பர். எல்லாம் இணைந்த பின் நூலைப் பிரித்துத் தாள்களை உருவி விடுவர். அந்நாளில் தாள் விலையுயர்ந்த பொருள். ஆதலால் பழைய கடிதங்களும் கணக்கேடுகளுமே கத்தரிக்கு இரையாயின. வேலை முடிந்த போர்வையில் அவை எஞ்சுவது அரிது. இதிலோ அவை அப்படியே இருந்தன!

1798, 1808, 1813 என்னும் ஆண்டுகள் அத்தாள்களில் தென்பட்டன. 'ரம்', 'பீப்பாய்', 'மேற்கிந்தியத் தீவுகள்' என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. சர்க்கரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ எழுத்துப் பிழையோடு காணப்பட்டது. எழுதியவர் பண்டிதரல்லர், வணிகர் போலும். 'நட்பு', 'அன்பு' ஆகிய சொற்களும் அவற்றினிடையே கிடந்தன.

அச்சொற்களின் பின்னே ஒரு கொடிய வாணிபம் நின்றது. தீவுகளில் அடிமைகள் விளைவித்த கரும்பின் பாகு வடக்கே வந்து ரம் ஆயிற்று. அந்த ரம் ஆப்பிரிக்கா சென்று மனிதரை விலைக்கு வாங்கிற்று. அமெரிக்க அடிமைக் கப்பல் பயணங்களுள் பாதிக்கு மேற்பட்டவை சின்னஞ்சிறு ரோட் ஐலண்டிலிருந்தே புறப்பட்டன. பின்னர் அதே மாநிலத்து ஆலைகள், தெற்கில் அடிமைகள் பறித்த பருத்தியைக் கொண்டு அடிமைகளுக்கென்றே முரட்டுத்துணி நெய்து அனுப்பின. தென்னாட்டின் பாவம் என்று மட்டும் இதனை ஒதுக்கிவிட வடநாட்டவர்க்கு வழியில்லை. நமக்கும் இதில் ஓர் இழை உண்டு: சோழமண்டலக் கரையில் நெய்த நீலத்துணியும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது.

பழைய மேற்பாகங்களை வாங்கி, அடித்துணி இட்டு, பஞ்சு வைத்து நிறைவு செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. அது நற்பணியே. ஆனால், இந்தப் போர்வைக்கு அத்தகைய பரிவு நேர்ந்திருந்தால் தாள்கள் குப்பைக்குப் போயிருக்கும். போர்வை மட்டும் அழகாயிருந்திருக்கும். சூசன் க்ரவுச்சின் அடிமைகளாயிருந்த பெண்களைத் தேடி எவரும் புறப்பட்டிருக்கமாட்டார்.

மினர்வா, எலைசா, ஜேன், ஜூபா என்பன அப்பெண்களின் பெயர்கள். முதல் மூன்றும் வெள்ளையரிடையே வழங்கியவை. ஜூபா மட்டும், திங்கட்கிழமை பிறந்த பெண்மகவுக்கு அக்கான் மக்கள் இடும் ஆப்பிரிக்கப் பெயரின் திரிபு.